வாயில்லாத டம்ளர்

குழாயின் நுனியில் கண்ணாடி செக்கச்செவேல் என்று தொங்கியது. அவன் அதைச் சுழற்றிக்கொண்டே ஊதினான்.

உலைக்கு இந்தப் பக்கம் எல்லாரும் சுற்றி நின்றார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. புது மாப்பிள்ளை முதல் டம்ளர் ஊதுகிறார் என்றால் சும்மாவா?

நாற்பத்து மூன்று வயதில், முன்வழுக்கையோடு, அந்தப் பட்டறையில் அவனுக்குக் கிடைத்த பெயர் அது. புதிதாக வந்தவன், யாரிடமும் பேச்சு வைத்துக்கொள்ளாதவன், குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுகிறவன். வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

விளக்குகளுக்குக் கண்ணாடி உருண்டை ஊதும் பட்டறை. அங்கே ஒரு வழக்கம். சேர்ந்து ஒரு மாதம் ஆனவன் தன் கையால் ஒரு டம்ளர் ஊத வேண்டும். ஊதியது இரவு முழுக்கச் சூளையில் மெல்ல ஆறி, விரிசல் இல்லாமல் வெளியே வந்தால் வேலை நிரந்தரம். மறுநாள் சாயங்காலம் அதிலேயே சரக்கு ஊற்றுவார்கள். முதல் வாய் ஊதியவனுக்கு. இரண்டாம் வாய் மேஸ்திரிக்கு. பிறகு எல்லாருக்கும் ஒரு சுற்று. வேறு டம்ளரில் ஊற்றினால் அது செல்லாது.

பாட்டில் இன்றைக்கே வந்துவிட்டது. மேஸ்திரி அதைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார். அவனைவிட ஐந்து வயது இளையவர். குடியில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது ஊரறிந்த விஷயம். இந்த வாரம் என்னவோ அவர் குழாயைத் தொடவே இல்லை. தள்ளி நின்று எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

அவன் குடியை விட்டு அறுபத்து மூன்று நாள்.

அது இங்கே யாருக்கும் தெரியாது. பழைய பட்டறையில் கை நடுங்கிக் குழாயைக் கீழே போட்டு வேலையை இழந்தவன் என்பதும் தெரியாது. தினமும் மனைவி வாசலிலேயே நிறுத்தி, வாடை பார்க்க வாயை ஊதச் சொல்கிறாள். ஊதிக் காட்டிய பிறகுதான் செருப்பைக் கழற்றுகிறான்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் கண்ணாடி ஊதுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவன் குழாய் பிடித்தால் இன்னொருவன் நுனியில் உருகிய கண்ணாடி ஒட்டிய கம்பியை நீட்ட வேண்டும். கூட உட்கார்ந்து ஒரு வாய் குடிக்காதவனுக்கு இங்கே யாரும் கம்பி நீட்டமாட்டார்கள். அவனுக்கு முன்னால் இருந்தவன் அப்படித்தான் தானாகவே வேலையை விட்டு நின்றுவிட்டான்.

உருண்டை பெருத்தது. குழாயில் துளி நடுக்கம் இல்லை. இது தன் கைதானா என்று அவனுக்கே மலைப்பாக இருந்தது.

இனி அடியில் கம்பியை ஒட்டி, கழுத்தை உடைத்து, வாயை விரிக்க வேண்டும். கம்பிக்காரர் தயாராக வந்து நின்றார்.

அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். இடுக்கியால் கழுத்தை நெருக்கி நெருக்கிப் பட்டாணி அளவுக்குக் கொண்டுவந்தான். ஒரே தட்டு. உருண்டை குழாயை விட்டு, ஈர மரக்கிண்ணத்தில் இறங்கி உட்கார்ந்தது.

“ஓட்டைய அடைக்கணும். ஒரு சொட்டு கண்ணாடி குடுங்க.”

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. ஓட்டையை அடைத்துவிட்டால் எங்கே ஊற்றுவது? கம்பிக்காரர் அசையவில்லை. மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார்.

உருண்டையின் சிவப்பு இறங்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரம் வெளியே இருந்தால் விரிசல் விட்டுவிடும். அதோடு அவன் வேலையும் போகும்.

மேஸ்திரி பாட்டிலைத் தரையில் வைத்தார். கம்பிக்காரர் கையிலிருந்து கம்பியைப் பிடுங்கி, உலைக்குள் விட்டு உருகிய கண்ணாடியைத் தொட்டு எடுத்தார்.

கம்பி நுனியில் சொட்டு கிடுகிடுவென்று ஆடியது. மனுஷன் கோபத்தில் நடுங்குகிறார் என்று நினைத்தான். ஒரு விரல் தள்ளி விழுந்தாலும் உருண்டை போச்சு.

துளைக்கு நேர் மேலே வந்ததும் மேஸ்திரி மூச்சைப் பிடித்தார். கை நின்றது.

எப்படி நிறுத்தினார் என்று அவனுக்கு விளங்கவே இல்லை. பதினெட்டு வருஷம் குழாய் பிடித்தவன், அப்படி ஆடிய ஒரு கை அப்படி நிற்பதைப் பார்த்ததில்லை.

சொட்டு விழுந்தது. துளை மூடியது.

சிவப்பு வடிய வடிய உருண்டை தெளிந்தது. உள்ளே அவன் மூச்சு. வாசலில் மனைவிக்கு ஊதிக் காட்டுகிற அதே மூச்சு.

கிண்ணத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அவனும் மேஸ்திரியும் சூளைக்குக் கொண்டுபோனார்கள். கதவருகே வேறு யாரும் இல்லை. எத்தனை நாள் ஆயிற்று என்று மேஸ்திரி மெதுவாகக் கேட்டார். அவன் அறுபத்து மூன்று என்றான்.

மேஸ்திரியின் கை மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது. அதை இப்போதுதான் கிட்டத்தில் பார்த்தான். அந்த நடுக்கம் அவனுக்கு நன்றாகப் பழக்கமானது.

“எனக்கு இன்னையோட நாலு,” என்றார் மேஸ்திரி.