மூடுபனி விலகும் நேரம்

"மூடுபனி விலகுது, எனோரா. இந்தப் பனியில விமானம் பறக்காதுன்னு சொன்னியே?" என்கிறார் கால்நடை மருத்துவர் குல்வென். அவருடைய வலது கை தோள்வரை அந்தக் கனத்த பிரெத்தோன் இனப் பெண்குதிரைக்குள் இருக்கிறது. பிரசவத்தில் கால் மடங்கிச் சிக்கிக் கிடக்கும் குட்டியின் குளம்பை உள்ளங்கையில் பொத்திப் பிடித்திருக்கிறார். "இப்ப இது மிரண்டு துள்ளுச்சுன்னா குட்டியும் போகும், என் கையும் போகும். அப்புறம் ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் நீதான் பிரசவம் பார்க்கணும்." எனோரா சிரிக்கவில்லை. தலைக்கயிற்றைப் பிடித்தபடி லாயத்தின் வாசலையே பார்க்கிறாள். சற்று முன் வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் ஆப்பிள் மரம் தெரிகிறது, பிறகு வேலி, வேலிக்கு அப்பால் கடற்படை விமானத் தளத்தின் ஓடுபாதை விளக்குகள். வாளித் தண்ணீரில் வளையங்கள் நடுங்குகின்றன. குதிரையின் காதுகள் அந்தப் பக்கம் திரும்புகின்றன. கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே அவள் இடுக்கியிருக்கும் செல்பேசியில், அந்தத் தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்க்கும் தம்பி ரொனான். "அக்கா, வேலை நேரத்துல கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" ஒரு காதில் அவனுக்குப் பின்னாலிருந்தும், மறு காதில் வாசல் வழியாகவும் ஒரே விமான இயந்திரம் உறுமுகிறது. குதிரைக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல அவள் குரலைத் தாழ்த்துகிறாள். "ரொனான், பத்து நிமிஷம். அந்த முதல் விமானத்தை மட்டும் பத்து நிமிஷம் தரையிலேயே நிறுத்தி வைடா."