மர வாத்து மாப்பிள்ளை

"ஒரே வெடிதான் மாமா. பொத்துன்னு விழுந்துடுச்சு!"

மாப்பிள்ளை கூசாமல் சொன்னார். சமையலறை மேஜையில் கிடந்த அந்தக் 'காட்டு' வாத்து, ஒரு மணி நேரத்துக்கு முன்பு வரை இறைச்சிக் கடையின் ஐஸ் பெட்டியில் கிடந்தது. விலைச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆதாரத்துக்கு ஒரு இறகைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்திருந்தார். இறகு, வீட்டுத் தலையணையிலிருந்து பிடுங்கியது.

மாமனார் வாத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார்.

"இறகெல்லாம் யார் பிடுங்கினது?"

"நானேதான். ஏரிக்கரையிலேயே சுத்தம் பண்ணிட்டேன்."

"அடேயப்பா!" என்றார் மாமனார். அதில் பாராட்டு துளியும் இல்லை.

மாப்பிள்ளைக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? எல்லாம் போன வருஷத்து மானக்கேடுதான். மாமனாரோடு ஏரிக்கு வேட்டைக்குப் போனவர், வாத்துகளை ஏமாற்றி வரவழைக்க மாமனார் தண்ணீரில் மிதக்கவிட்ட மர வாத்தைக் குறிபார்த்துச் சுட்டுவிட்டார். போதாக்குறைக்கு மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கே கண் சோதனை செய்கிறவர்.

"நீங்க வீட்டுக்குப் போங்க மாப்பிள்ளை. நான் ரெண்டு சுட்டுட்டு வர்றேன்" என்று அவரை அப்போதே விரட்டிவிட்டு, சொன்னபடியே இரண்டு வாத்தோடு திரும்பினார் மாமனார். ஓட்டை விழுந்த மர வாத்து அன்றைக்கே கூடத்துக் கண்ணாடி அலமாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கதை சொல்லப்பட்டது.

அதையெல்லாம் கூடச் சகித்துக்கொண்டார் மாப்பிள்ளை. போன வாரம் அவருடைய எட்டு வயது மகள், வாசலில் சிநேகிதிகளிடம் "எங்கப்பாதான் மர வாத்தைச் சுட்டவரு" என்று சொல்லிச் சிரித்ததைக் கேட்டதும் மனசு தாங்கவில்லை. அதனால்தான் இன்றைக்குக் கடைக்குப் போனார்.

"கேள்வி கேட்டது போதும், இப்படிக் கொடுங்க" என்று மாமியார் வாத்தை வாங்கிக்கொண்டார். "அடுப்படியில ஆளாளுக்கு நிக்காதீங்க. போங்க ரெண்டு பேரும்."

உள்ளே வெங்காயமும் எலுமிச்சையும் அடைத்து, கொழுப்பு இறங்கத் தோலில் அங்கங்கே குத்தி, வெண்ணெய் தடவி, காலிரண்டையும் நூலால் கட்டி முழுசாக ஓவனுக்குள் வைத்தார். வாசனை கூடம் வரை வந்து எல்லோரையும் மேஜைக்கு இழுத்தது.

பொன்னிறமாக வந்து உட்கார்ந்த வாத்தின் முன்னால் மாமனார் கத்தியைத் தீட்டினார்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன். சுட்ட பறவைன்னா கறியில ஈயக்குண்டு இருக்கும். மிளகு சைஸுக்குப் பல்லுல கடிபடும். கடை வாத்துல அது இருக்காது. முப்பது வருஷமா நான் கொண்டு வந்த ஒவ்வொண்ணுலயும் கடிபட்டிருக்கு. வேணும்னா உங்க அத்தையைக் கேளுங்க."

"ஆமாமா, கடிபட்டிருக்கு" என்றார் மாமியார்.

இப்படியொரு பரீட்சை இருப்பது மாப்பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

மாமனார் ஒரு காலைத் தின்றார். ஒன்றுமில்லை. இன்னொரு காலைத் தின்றார். எலும்பைத் தட்டில் போட்டுவிட்டுப் புருவத்தைத் தூக்கினார்.

"காணோமே மாப்பிள்ளை!"

"அது... ஒருவேளை அந்தப் பக்கமா வந்து இந்தப் பக்கமா போயிருக்கும் மாமா."

"அப்பா, நிம்மதியா சாப்பிட விடுங்களேன்" என்றாள் மாப்பிள்ளையின் மனைவி. அவள் முகத்திலும் சந்தேகம் எட்டிப் பார்த்தது. மகள் வாயை மூடிக்கொண்டு சிரிக்கத் தயாரானாள்.

"நெஞ்சுக் கறியைச் சாப்பிடாம என்ன பேச்சு?" என்று மாமியார் தானே ஒரு துண்டு வெட்டி மாமனார் தட்டில் வைத்தார்.

மாமனார் கடித்தார். 'நறுக்' என்றது.

மாமனார் வாயிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கருப்பாய், குட்டியாய் ஒரு ஈயக்குண்டு.

"என்னங்க, கடிபட்டுச்சா?" என்று கேட்டார் மாமியார்.

மாமனார் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

"சபாஷ் மாப்பிள்ளை" என்றார், திடீரென்று இறங்கிப்போன குரலில். "நல்ல குறி."

"ஹை! எங்கப்பா நெஜ வாத்தையே சுட்டுட்டாரு!" மகள் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாமனார் யாரும் சொல்லாமலே எழுந்து போய், அலமாரியிலிருந்த மர வாத்தை எடுத்துப் பரணில் போட்டார்.

மாப்பிள்ளைக்குத்தான் தலை சுற்றியது. தட்டுகளைக் கழுவுகிற சாக்கில் மாமியாரின் பின்னாலேயே போனார்.

"அத்தை, உங்ககிட்ட மறைக்க மனசு வரலை. அது கடையில வாங்கினது."

"தெரியும் மாப்பிள்ளை. வயித்துக்குள்ள ஈரலெல்லாம் பொட்டலமா இருந்துச்சு. எந்த வாத்து தன் ஈரலைத் தானே பிளாஸ்டிக் பையில கட்டி எடுத்துக்கிட்டுப் பறக்கும்?"

மாப்பிள்ளை அசடு வழிந்தார்.

"அப்போ அந்தக் குண்டு...?"

மாமியார் கதவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மசாலா டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய தகர டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். அடியில் கொஞ்சம் ஈயக்குண்டுகள் உருண்டன.

"எங்களுக்குக் கல்யாணமான புதுசுல வாங்கி வச்சேன். அப்போ டப்பா நிறைய இருந்துச்சு. முப்பது வருஷத்துல முக்கால்வாசி உங்க மாமா கொண்டு வந்த வாத்துக்கே தீர்ந்துபோச்சு!"