வாய்விட்டுச் சிரித்த பாறை

குன்றின் மேல் ஒரு கரும்பாறை இருந்தது. வயிறு நிறைய இரும்புச்சத்து வைத்திருந்தும் யாருக்கும் துளிகூடக் கொடுக்காத கஞ்சன் அது. அதன் முதுகில் ஒரு பூஞ்சையும் ஒரு பாக்டீரியாவும் குடியிருந்தன. அங்கே குருவி போட்ட அத்தி விதை ஒன்று முளைத்தது. பாவம், சத்தில்லாமல் அதன் இலை மஞ்சளாகி வாடியது. பூஞ்சைக்கு மனசு கேட்கவில்லை.

“அண்ணாச்சி, பிள்ளை பிழைக்கக் கொஞ்சம் இரும்பு கொடுங்களேன்” என்றது.

“எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். நீங்கள் எறும்பின் கால்தூசிகூட இல்லையே! முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று பாறை வாய்விட்டுச் சிரித்தது.

சிரித்ததில் ஒரு விரிசல் தெரிந்தது. பூஞ்சை சட்டென்று தன் இழையை அதற்குள் நுழைத்தது. பாக்டீரியா இழையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. இரண்டும் சேர்ந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டன.

“சே, என்ன இது? புளிக்கிறதே!” என்றது பாறை.

“ரசம்தான் அண்ணாச்சி. செரிமானத்துக்கு நல்லது!” என்றது பாக்டீரியா.

செரித்தது என்னவோ பாறைதான். கரைந்த இரும்பு வேருக்குப் போக, இலை பச்சையானது.

அத்தி மரமானது. நிழலுக்கு வந்த ஓணான், “இதை யார் வளர்த்தது?” என்று கேட்டது.

“நான்தான்! கேட்டதும் அள்ளிக் கொடுத்தேன்” என்றது பாறை, வாயெல்லாம் பல்லாக.

பூஞ்சை அந்தத் திறந்த வாய்க்குள் அடுத்த சொட்டை விட்டது.