பார்க்க வேண்டிய இடம்

சென்னை ஓட்டல்களில் தங்கும் வெளியூர்க்காரர்களை ஓட்டலின் ஓட்டுநரில்லாக் கார் மட்டுமே ஏற்றும். சங்கரன்கோவிலிலிருந்து வந்த பேச்சியம்மாள் அதில் ஏறி, தங்கை வடிவின் முகவரியைச் சொன்னாள். சண்டையில் பிரிந்து பல வருடமாகப் பேசாத தங்கை.

“அது சுற்றுலாத் தலம் அல்ல, அம்மா” என்றது கார். அருங்காட்சியகத்தைக் காட்டியது. பிறகு வடிவின் தெரு வழியாகவே நிற்காமல் போனது.

“ஏல, நிறுத்துல!” என்று கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

வேறு வழியில்லாமல் தங்கைக்குப் போன் போட்டாள். “ஏட்டி, இந்தச் சனியன் என்னை உன் வீட்டுக்கு விடமாட்டேங்கு. அடுத்து கலங்கரை விளக்கமாம். அங்க வந்து நில்லுட்டி.”

கார் கலங்கரை விளக்கத்தில் போய் நின்றது. வடிவு அங்கே வந்து நின்றிருந்தாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

“கலங்கரை விளக்கம் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. திரும்பிப் பாருங்கள்” என்றது கார்.

“பார்க்க வந்ததைத்தாம்ல பாத்துக்கிட்டிருக்கேன். வாயை மூடு!”