மலைக்கு அந்தப் பக்கம் மழை

"அந்த ஒரு ஊருக்கு மட்டும் ஏன் மச்சான் சொட்டு மழை இல்ல? குடிக்கத் தண்ணிக்கு என்ன செய்வாவ, பாவம்!"

மனைவி பரீஹா இப்படிக் கேட்டபோதும் ராஹில் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தாராவியில் பத்துக்குப் பத்து அறை. கட்டில், அடுப்பு, அவளுடைய தையல் மெஷின் எல்லாம் அதற்குள்தான். போதாக்குறைக்கு இப்போது ஒரு கிரகமும் வந்து உட்கார்ந்திருந்தது.

திரையில் அது மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. ஐரோலியில் அவன் வேலை பார்க்கும் வீடியோ கேம் கம்பெனிக்காக உண்டாக்கியது. எங்கே கடல், எங்கே மலை, கிரகம் எவ்வளவு சாய்ந்து சுற்ற வேண்டும் என்று மட்டும் ராஹில் சொல்வான். காற்றும் மேகமும் மழையும் கணக்குப்படி தானாக வரும். நாளைக்கு முதலாளி சைஃபிடம் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால்தான் வேலை பெர்மனென்ட்.

"நான் என்ன மழையைப் பிடிச்சா வச்சிருக்கேன்? கடல் காத்து மேற்கேருந்து வருது. இந்த மலையில ஏறும்போது குளுந்து, இருக்கிற மழையெல்லாம் இந்தப் பக்கமே கொட்டிருது. அந்தப் பக்கம் போறது வெறுங்காத்து."

"அப்போ ஊரைத் தூக்கி இந்தப் பக்கம் வைங்க."

"அது அங்கதான் இருக்கணும். காஞ்சுதான் கிடக்கணும். ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"ஏன்?"

ராஹில் பேச்சை மாற்றினான். "டீ போடேன்," என்றான்.

பரீஹா டீ போட்டாள். அடுப்பை அணைத்தாள். சிலிண்டர் குமிழைத் திருகி மூடினாள். நாலடி நகர்ந்தவள் திரும்பி வந்து இன்னொரு தடவை திருகிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். "அது ஒண்ணும் ஓடிப்போயிராது புள்ள," என்று ராஹில் கேலி செய்வான். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

டம்ளரை நீட்டியபடியே அவள் மறுபடி ஆரம்பித்தாள். "மலைன்னா நடுவுல ஒரு சந்து கூடவா இருக்காது? மதில் கட்டுன மாதிரியா நிக்கும்?"

"கணவாயா? இருக்கலாம். ஆனா..."

"அப்போ ஒண்ணு வைங்க. என்னதான் ஆவுதுன்னு பாப்போம். எனக்காக மச்சான்."

விடமாட்டாள். சரி, காட்டிவிட்டு அழித்துவிடலாம் என்று மலையின் நடுவில் சின்னதாக ஒரு வெட்டு வைத்தான். காலத்தை வேகமாக ஓடவிட்டான்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கடல் பக்கமிருந்து நூல் போல ஒரு வெள்ளை மேகம் கணவாய்க்குள் நுழைந்தது. ஊரைத் தாண்டிப் போய், பின்னாலிருந்த மேட்டில் முட்டி மேலே ஏறியது. கறுத்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது மழை!

"சுப்ஹானல்லாஹ்!" பரீஹா வாயில் கை வைத்தாள். "நீங்களா பெய்ய வச்சிய?"

"இல்ல புள்ள. நான் வழிதான் விட்டேன்."

மூன்று மாதமாக இதைக் கட்டியவன் அவனேதான். ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. பழுப்பாகக் கிடந்த நிலத்தில் பச்சை ஊறி வந்தது. யாரும் வரையாத ஆறு ஒன்று, தானே வழி தேடிக்கொண்டு ஊருக்குள் போனது. இரண்டு பேரும் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ ஆறிப்போனது.

அதை அழிக்க அவனுக்குக் கை வரவில்லை. காலையில் ரயிலில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். திங்கட்கிழமை ரயில் தெரியாதா? சயான் ஸ்டேஷனில் ஏறியவனுக்கு லேப்டாப்பைத் திறப்பது இருக்கட்டும், பையைத் தோளிலிருந்து இறக்கவே இடமில்லை. ஆபீஸுக்குள் நுழைந்தால், சைஃப் பெரிய திரைக்கு முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"சலோ, முதல் சீன்," என்றார். "ஆக் லகாவ், தீயை வை!"

எதிரிகள் வானத்திலிருந்து இறங்கி, அந்தக் காய்ந்த ஊருக்குத் தீ வைத்துச் சாம்பலாக்குவதுதான் கேமின் முதல் காட்சி. ஊர் காய்ந்திருக்க வேண்டியது அதற்காகத்தான்.

தீ விழுந்தது. கூரைகள் பற்றிக்கொண்டன. சின்னச் சின்ன மனிதர்கள் தெருவில் ஓடினார்கள். அப்போது கணவாய் வழியாக அந்த வெள்ளை நூல் உள்ளே வந்தது. மேட்டில் ஏறியது. கறுத்தது. சடசடவென்று ஊர் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. ஒரு பொறி மிச்சமில்லை.

"இந்த மழையை யார் எழுதினது?" என்று இந்தியில் கேட்டார் சைஃப்.

"யாரும் எழுதல சார். மலையில ஒரு வழி இருக்கு. காத்து அதுவா வந்துச்சு."

சைஃப் இன்னொரு தடவை ஓடவிட்டார். இன்னொரு தடவையும் மழை வந்து அணைத்தது. அவர் எழுந்து போய்த் திரைக்குப் பக்கத்தில், கோயிலில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இதைத் தொடாதே ராஹில். கதையை மாத்திக்கலாம். எரிக்க வந்தவன் தோத்துப் போகட்டும். நீ இங்கேதான் இருக்கே, பெர்மனென்ட்."

சாயங்காலம் ராஹில் மிட்டாய் டப்பாவோடு வீட்டுக்கு ஓடி வந்தான். "ஏ புள்ள! நீ குடிக்கத் தண்ணி கேட்டே. அது என்ன வேலை பண்ணிச்சு தெரியுமா? நான் உங்கிட்ட சொல்லல, அந்த ஊரை எரிக்கத்தான்..."

"தெரியும்," என்றாள் பரீஹா, சிலிண்டர் குமிழைத் திருகிக்கொண்டே. "போன வாரம் போன்ல அதைத்தானே பேசினிய. இந்த ஒத்த ரூம்ல எனக்குக் கேக்காதா மச்சான்?"

ராஹில் மிட்டாய் டப்பாவைக் கீழே வைத்தான்.

"எங்க கல்லி, தெரு முழுக்க எரிஞ்சப்போ எனக்கு எட்டு வயசு. ஒரு மழை வந்துராதான்னு வானத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்."