வடைமாலை

"அண்ணி பிள்ளையைத் தன்னோடை கூப்பிடுறா, அண்ணை. வேறை ஒண்டுமில்லை," என்றாள் பூரணம்.

தங்கை சொன்னதைக் கேட்டபடி தம்பிராசா பாயில் கிடந்த மகள் மலரின் நெற்றியைத் தடவினார். உடம்பு நடுக்கம் அடங்கி, பிள்ளை இப்போதுதான் கண் திறந்திருந்தாள்.

மனைவி கனகாம்பிகைக்கும் இதே நடுக்கம்தான். மத்தியானம் சமைத்துத் தனியே சாப்பிட்டவள் பொழுதுபடுமுன் வியர்த்து, நடுங்கி, வாயில் நுரை தள்ளிச் செத்துப்போனாள். உச்சி வேளையில் தலையை விரித்துக்கொண்டு தோட்டத்துக் கிணற்றடிக்குப் போனவளை ஏதோ அடித்துவிட்டது என்று சண்டிலிப்பாய்ச் சனம் முடிவு கட்டியது. காரணம் கண்டுபிடிக்கச் சனத்துக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை மலர் உடுப்பிட்டியில், பூரணத்தின் வீட்டில் இருந்தாள். அங்கே அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. திரும்பி வந்த அன்று, அதுவரை மூட்டாத வீட்டு அடுப்பை மூட்டி, பூரணம் கத்தரிக்காய் பொரித்துக் கொடுத்தாள். பூரணத்துக்கு வெள்ளி விரதம், தம்பிராசா தோட்டத்தில். தனியே இருந்து சாப்பிட்ட பிள்ளைக்குத் தாய்க்கு வந்த அதே நடுக்கம் வந்தது.

தம்பிராசாவுக்கு இருப்பது ஒரே பிள்ளை. செத்தவள் அவளையும் கேட்டால் அவர் யாரோடு சண்டைக்குப் போவார்?

"தோட்டத்து வைரவருக்கு வடைமாலை சாத்துவம். அவர் அண்ணியை மறிப்பார்," என்றாள் பூரணம். "உழுந்து கிடக்கு. அண்ணி வாங்கி வைச்ச நல்லெண்ணெயும் கிடக்கு. கொஞ்சம் உள்ளிப்பூண்டு மணக்குது, பொரிச்சாப் போயிடும்."

"என்னத்தையெண்டாலும் செய்," என்றார். மகளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

அடுத்த நாள் பூசை முடிந்து பூரணம் பனையோலைக் கடகத்தோடு வந்தாள். சனத்துக்குக் கொடுத்து மிஞ்சியிருந்த ஒரு வடையை எடுத்து மலரின் கையில் வைத்தாள்.

"தின் பிள்ளை. இனி அம்மா வரமாட்டா."

மலர் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"ஐயா, இதிலை நீங்கள் தோட்டத்துக்குப் போடுற சேட்டு மணக்குது."

தம்பிராசா வடையைப் பறித்து முகர்ந்தார். புகையிலைக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு வரும் நாளில், எத்தனை தரம் கழுவினாலும் அவர் கையை விட்டுப் போகாத மணம்.

"எண்ணெய் எதுக்குள்ளை இருந்தது?"

"நீங்கள் வேலியோரம் எறிஞ்ச மருந்துத் தகரத்துக்குள்ளை. மூடி நல்ல இறுக்கம், எறும்பு போகாதெண்டு அண்ணி சாம்பலும் புளியும் போட்டு மினுக்கி எடுத்தவ. ஏன் அண்ணை?"

வடை முற்றத்தில் போய் விழுந்தது. தம்பிராசா மகளை அள்ளி அணைத்துக்கொண்டு, செத்தவீட்டில்கூட அழாத அழுகை அழுதார்.

"அம்மா உன்னைக் கூப்பிடேல்லை, மலர். என்ரை குஞ்சு, அவ ஒருக்காலும் கூப்பிடேல்லை."

பூரணம் வெறுங்கடகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"அப்ப, வாங்கித் திண்ட சனம், அண்ணை?"