குதிரைக்காகப் பட்டினி

"எறங்கும்மா, இந்த எடைக்கு உன்ன சவாரிக்கு உட முடியாது" என்று நடுவர் சொன்னதும், எடை மெஷினில் நின்றிருந்த ப்ளஸ் ஒன் ஜெயப்ரியா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பாலாற்றங்கரை ஓரிக்கையில் நாற்பது கிலோமீட்டர் குதிரைப் பந்தயம் தொடங்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

அப்பா வெங்கடேசன் பொங்கினார். "நேத்து வடை துன்னல்ல? மே மாச வெயில்ல ஒவ்வொரு கிலோவுக்கும் குதிரைக்குத்தான் மூச்சு வாங்கும்னு எத்தினி வாட்டி சொன்னேன்!"

"பாதி வடைதாம்பா..."

"ஆமா, மீதி பாதிய குதிர வந்து கெஞ்சிக் கேட்டதால உட்டுட்ட!"

மூன்று மாதமாக அவளுக்குக் கேழ்வரகுக் கஞ்சியும் வெள்ளரிக்காயும்தான்.

நடுவர் குறுக்கிட்டார். "சார், கொறஞ்சது அறுபது கிலோ இருக்கணும். ரூல்ஸ் படிக்கலியா? பாப்பா அம்பத்திநாலுதான். ஆறு கிலோ மணல் மூட்டைய சேணத்துல கட்டிக்கினு வாங்க, உடறேன்."

"பாலாத்துல மணலுக்கு எங்க சார் போறது? அதத்தான் அள்ளிட்டாங்களே!" என்று வெங்கடேசன் அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

ஜெயப்ரியா குதிரையின் கழுத்தைத் தடவினாள்.

"மூணு மாசம் முன்ன நான் கரெக்டா அறுபதுதாம்பா இருந்தேன். எறக்கின ஆறு கிலோவ இப்ப இது மூட்டையா தூக்கப் போவுது. அப்போ நான் பட்டினி கெடந்தது யாருக்குப்பா?"